இடது ஒன்று

சிப்காட்டில் பகல் ஷிப்ட்.
என் வேலை ஜோடி சேர்ப்பது.
இடதின் மேல் வலதை வைத்து
விரல் விரலாக நீவி,
தையல் பிரிந்ததை மூலைக்குத் தள்ளி,
பன்னிரண்டு ஜோடிக்கு ஒரு கட்டு.
ராணிப்பேட்டையின் குரோம் வாடை
பதினோரு வருடமாக
என் தோலையும் பதப்படுத்திக்கொண்டிருக்கிறது.

சாப்பாட்டு நேரத்தில்
ஹபீபுன்னிசா தூக்குவாளியில் போனைச் சாய்த்துப்
படித்துக் காட்டினாள்:
அறுபத்தைந்தில் ஒரு அமெரிக்கன்
விண்கலத்தின் கதவு திறந்து வெளியே நடந்தபோது
உள்ளேயிருந்து ஒரு கையுறை
தானாக மிதந்து, கதவைத் தாண்டிப்
போயே போய்விட்டதாம்.
ஒரு மாதம்போல் பூமியைச் சுற்றிவிட்டு
எரிந்துபோனதாம்.

"இடதா, வலதா?" என்றேன்.
மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.
"அதெல்லாம் போடலமே."

போட்டிருக்க வேண்டும்.
நடந்த நிமிடம் இருக்கிறது,
கயிற்றின் நீளம் இருக்கிறது.
உள்ளே மிச்சம் நின்ற ஒன்றைப் பற்றி
ஒரு வரி கிடையாது.
ஜோடி போன கையுறை என்ன பாடுபடும் என்று
எங்கள் மூலைக்கு வந்தால் தெரியும்.

அதற்குச் சில வாரம் முன்னால்
முதன்முதலில் வெளியே வந்தவன் ரஷ்யன்.
பன்னிரண்டு நிமிடம்.
எங்கள் டீ நேரத்தைவிட இரண்டு கூடுதல்.
அதற்குள் உடுப்பு ஊதிப் பெருத்து,
விரல்கள் உறையின் நுனியை விட்டு நழுவி,
கை இருந்தும் கை இல்லாமல் தொங்கினான்.
கீழே யாரையும் கேட்கவில்லை.
வால்வைத் திருகித்
தன் காற்றைத் தானே கொஞ்சம் கொஞ்சமாக
வெளியே விட்டு
உள்ளே நுழைந்தான்.

இதை எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.
கம்பெனி கொடுப்பது பத்தாம் நம்பர் உறை.
என் கை ஏழு.
பஞ்சு திணித்தும் நுனியில்
ஒரு வேர்க்கடலை அளவு இருட்டு மிச்சம்.
அந்த இருட்டு சிக்கித்தான்
போன ஆடியில் பிரஸ்ஸில் நகம் போனது.

மேலே போகிறவர்களுக்கும் நகம் போகுமாம்.
மடங்க மாட்டேன் என்கிற விரல்களோடு
ஆறேழு மணி நேரம் மல்லுக்கட்டி
ஒரு போல்ட்டை இறுக்கிவிட்டு வந்தால்
கழற்றும்போது நகமும் கூடவே வருமாம்.

எண்பத்துநாலில் ஒருத்தி வெளியே வந்தாள்.
கொடி பிடிக்க இல்லை,
வெல்டிங் வைக்க.
கீழே உலகம் உருண்டுகொண்டிருக்க
உலோகத்தை வெட்டினாள், ஒட்டினாள்.
ஹபீபுன்னிசா படிப்பதை நிறுத்தி
எதிர்ச்சுவரில் அடுக்கியிருந்ததைப் பார்த்தாள்.
வெல்டர் கையுறை, பதினாலு அங்குலம்,
உள்ளே துணி வைத்தது, ஜெர்மனி ஆர்டர்.
எனக்குச் சோறு பிசைய மறந்துபோனது.

அப்புறம் இரண்டாயிரத்துப் பத்தொன்பது.
இரண்டு பெண்கள் சேர்ந்து நடக்கத் தேதி குறித்து,
கடைசி வாரத்தில் பார்த்தால்
நடுத்தர அளவில் தயாராக இருந்தது ஒன்றுதான்.
ஒருத்தி போனாள்.
மற்றவள் இடத்தில் ஓர் ஆண்.
"சைஸ் இல்லியாமே!"
சிரித்தோம்.
சிரிப்பு நின்றும் கொஞ்ச நேரம்
கை கழுவ யாரும் எழவில்லை.
ஏழாம் மாதம், போனவளே
வேறொருத்தியோடு நடந்தாள்.
அதுவும் போட்டிருந்தது.

எங்கள் வேலூர்ப் பக்கம் ஒரு பேச்சு உண்டு:
ராஜா இல்லாத கோட்டை,
தண்ணி இல்லாத ஆறு,
சாமி இல்லாத கோயில்.
சாமி திரும்பி நாற்பது வருடத்துக்கு மேலாகியும்
பேச்சை யாரும் திருத்தவில்லை.
போகட்டும்.
நான் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்:
கை இல்லாமல் உலகம் சுற்றிய உறை.

ஆறு மணிக்குச் சங்கு.
துளசிங்கம் சார் பேனாவைக் காதிலிருந்து எடுத்து
என் மேசைக்கு வந்தார்.
நாற்பத்தொரு கட்டு, மேலே ஒற்றையாக
ஒரு இடது. தையலில் பழுதில்லை.

"வலது எங்கமே?"

"வெளிய போயிருக்கு சார்."

முகத்தைப் பார்த்தார்.
சீட்டில்
ஒன்று குறைவு என்று எழுதிக்கொண்டு
அடுத்த மேசைக்குப் போனார்.